வீட்டு ஆவணக் கோப்புகளைப் பூட்டி, வெள்ளத்துக்கும் எட்டாமல் வைப்பது எப்படி

மன்னார்குடியில் தட்டச்சு, ஸ்கேன், நகல் எடுக்கும் கடை ஒன்றை நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, கிரையப் பத்திரம், உயில் வரைவு, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவமனை அறிக்கை என்று ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் என் மேசைக்கு வந்து போகிறது. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது, அதே வாட்ஸ்அப்பில் திரும்பிப் போகிறது. "எல்லாம் உன் கணினியிலேயே இருக்கட்டும் அம்மா, தேவைப்படும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும் பெரியவர்கள் பலர். "ஐயா, இது உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுவேன். அடுத்தவர் வீட்டுத் தாள்கள் ஒரு கடையில் கிடக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமானவள். அவரவர் வீட்டில், அவரவர் மட்டுமே திறக்கும் விதத்தில் அவை இருக்க வேண்டும். அதற்கு ஒரு மடிக்கணினியும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

இந்தக் கோப்புகளுக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்து வருகிறது. வேண்டாதவர் கண்ணில் படுவது ஒன்று. அடியோடு அழிந்துபோவது மற்றொன்று. முதலாவதற்குப் பூட்டு வேண்டும், அதாவது மறையாக்கம்: கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றி வைப்பது. இரண்டாவதற்குப் பிரதி வேண்டும். பலரும் ஒன்றை மட்டும் செய்து நிறுத்திவிடுகிறார்கள். பூட்டாமல் நான்கு பென் டிரைவில் பிரதி எடுத்தால், தொலைந்துபோக நான்கு இடங்கள் ஏற்பட்டுவிட்டன என்று பொருள். பிரதியில்லாமல் பூட்டி மட்டும் வைத்தால், ஒரு டிஸ்க் பழுதானதும் எல்லாம் போய்விடும். ஆகவே பூட்டிய கோப்பையே பிரதி எடுக்க வேண்டும்.

நம் பகுதியில் இருப்பவர்களுக்கு இணையச் சேமிப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டன. அத்தகைய நேரத்தில் கையில் இருக்கும் டிஸ்க்கும் சார்ஜ் மிச்சமிருக்கும் மடிக்கணினியும்தான் உதவும்.

டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை போன்ற மிரட்டல் நிரல்கள், கணினிக்குள் இருப்பவற்றோடு அப்போது செருகியிருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை எந்த நிரலாலும் தொட முடியாது.

முதலில் கணினியையே பூட்டுங்கள்

கோப்புகளைத் தனியாகப் பூட்டுவதற்கு முன் மடிக்கணினியின் முழு டிஸ்க்கும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். காரணம், நீங்கள் ஒரு பத்திரத்தைப் பூட்டிய பெட்டிக்குள் (கோப்புகளைப் போட்டுப் பூட்ட நாம் கீழே செய்யப்போகும் ஒரு தனிக் கோப்பு அது) போட்டுவிட்டு வெளியே இருந்ததை அழித்தாலும் அது உண்மையில் அழிவதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடம் வேறொன்றால் நிரப்பப்படும்வரை மீட்டெடுக்கலாம். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்கில்) மேலெழுதி அழித்தாலும் பழைய துணுக்குகள் எங்காவது தங்கலாம். முழு டிஸ்க்கும் பூட்டியிருந்தால் இந்தக் கவலை பெருமளவு தீர்ந்துவிடும்.

விண்டோஸ் புரோ பதிப்பில் இதற்குப் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் பல மடிக்கணினிகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அதே வேலை நடக்கும். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமலேயே அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கவும் கூடும். இயங்கினால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கட்டாயம் தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டு மாற்றினால் கணினி அந்த எண்ணைத்தான் கேட்கும். இல்லையென்றால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது.

பழுதுபார்க்கக் கொடுக்கும் மடிக்கணினிகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'பாஸ்வேர்டு சொல்லிவிட்டுப் போங்கள்' என்று கேட்டால் நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். உள்ளே மகளின் புகைப்படங்களும் தாயின் மருத்துவ அறிக்கையும் இருக்கின்றன. அதற்காகவே பெட்டி என்ற இரண்டாவது பூட்டு வேண்டும். கணினியைத் திறந்து கொடுத்தாலும் அந்தப் பெட்டி மூடியே இருக்கும்.

பெட்டி செய்வது

நான் எல்லோருக்கும் சொல்வது வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருள். விலையில்லை, மூலநிரல் வெளிப்படையானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2014-இல் நிறுத்தப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற மென்பொருளின் வழியில் வந்தது. அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள்.

திறந்ததும் 'கிரியேட் வால்யூம்' என்பதை அழுத்துங்கள். மூன்று வழிகள் காட்டும். முதலாவதான 'என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழு ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டும் வழியும் அங்கே இருக்கிறது. ஆனால் வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அப்படிப் பூட்டிய டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகினால், 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கும். விவரம் தெரியாத ஒருவர் சரி என்று அழுத்திவிட்டால் அவ்வளவுதான். கன்டெய்னர் என்பது ஒரே ஒரு சாதாரணக் கோப்பு. நகல் எடுக்கலாம், இடம் மாற்றலாம், பெயர் வைக்கலாம்.

அடுத்து 'ஸ்டாண்டர்டு' வகை, கோப்புக்கு ஓர் இடம், ஒரு பெயர். 'வீட்டுப் பத்திரம்' என்றெல்லாம் பெயர் வைக்காமல் சாதாரணமாக ஏதாவது வையுங்கள். மறையாக்க முறையில் ஏஇஎஸ், ஹாஷ் முறையில் எஸ்எச்ஏ-512 என்று தானாகவே வந்திருக்கும், மாற்ற வேண்டாம். ஏஇஎஸ் முறையை உருவாக்கியவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும். 2001-இல் அமெரிக்க அரசு அதைத் தரநிலையாக ஏற்றது. அதன் செய்முறை முழுவதும் எவரும் படிக்கக் கிடைக்கிறது. ரகசியம் உங்கள் கடவுத்தொடரில், அதாவது பல சொற்கள் சேர்ந்த நீண்ட கடவுச்சொல்லில் மட்டுமே இருக்கிறது.

பிறகு அளவு. பத்தாயத்தைப் போல இதையும் செய்யும்போதே கொள்ளளவைத் தீர்மானித்துவிட வேண்டும். 300 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்த ஒரு பக்கம் ஜேபெக் வடிவில் சுமார் 1 எம்பி வரும். ஆயிரம் பக்கங்களே 1 ஜிபிதான். ஒரு குடும்பத்துக்கு 10 ஜிபி தாராளம். கல்யாண வீடியோக்களை இதில் திணிக்காதீர்கள். அவற்றுக்கு ரகசியம் தேவையில்லை, பிரதி போதும். ஒரு கவனம்: வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

கடவுத்தொடர் கேட்கும், அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். கடைசித் திரையில் மவுஸை அங்குமிங்கும் நகர்த்தச் சொல்லும். அந்த ஒழுங்கற்ற அசைவு உங்கள் சாவியை உருவாக்குவதில் சேர்கிறது. பட்டை நிரம்பும்வரை பொறுமையாக நகர்த்தி, பிறகு 'ஃபார்மட்' அழுத்துங்கள்.

பயன்படுத்தும்போது, ஏதாவது ஒரு டிரைவ் எழுத்தைத் தேர்ந்து, கோப்பைக் காட்டி, 'மவுன்ட்' அழுத்தினால் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். திறக்கச் சற்று நேரம் எடுத்தால் பதற வேண்டாம். நீங்கள் தட்டும் தொடரை அந்த நிரல் 5,00,000 முறை சுழற்றி எடுத்த பிறகே பெட்டியைத் திறக்கிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் திருடனும் அதே வேலையைச் செய்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் டிரைவைக் கட்டாயம் மூட வேண்டும். பெட்டி திறந்திருக்கும்போது மடிக்கணினியின் மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போனால் அது திறந்த பெட்டிதான். அமைப்புகளில், கணினி உறக்க நிலைக்குப் போகும்போதும் சில நிமிடங்கள் பயன்படாமல் இருந்தாலும் தானாக மூடிக்கொள்ளும் தேர்வுகள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுவிடுங்கள்.

கடவுத்தொடர்

குலதெய்வத்தின் பெயரும் பிறந்த ஆண்டும், அல்லது பிள்ளையின் பெயரும் வண்டி எண்ணும். நான் பார்த்தவரையில் பெரும்பாலானோர் வைப்பது இதுதான். உங்களை அறிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் ஊகித்துவிடுவார். மனத்துக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும்வரை இந்த ஆபத்து தீராது. தேர்ந்தெடுப்பது தாயமாக, அதாவது ஆறு பக்கம் கொண்ட பகடையாக இருக்கட்டும்.

இந்த முறையை வெளிநாடுகளில் 7,776 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியலை வைத்துச் செய்கிறார்கள். நம் வீட்டுக்கு நாமே ஒரு சிறிய பட்டியல் செய்துகொள்ளலாம். ஆறு தாள்கள் எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஆறு வரிசை, ஆறு பத்தி. மொத்தம் 216 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சொல். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, பாமணியாறு, கோரையாறு என்று ஆறுகள். தூயமல்லி, கருங்குறுவை, சீரகச்சம்பா என்று நெல் வகைகள். மீன், பாத்திரம், மரம், பறவை என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து எழுதுங்கள். பகடையை மூன்று முறை உருட்டுங்கள். முதல் எண் தாள், இரண்டாவது வரிசை, மூன்றாவது பத்தி. ஒரு சொல் கிடைத்தது. இப்படி எட்டுச் சொற்கள். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டக் கூடாது. அந்த இடத்தில்தான் முறை கெட்டுப்போகும்.

எட்டுச் சொற்களுக்கு எத்தனை சேர்க்கைகள் என்றால், 47-க்குப் பின்னால் 17 சுழியங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆறு தாள்களும் திருடன் கையில் கிடைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனெனில் எந்தக் கட்டங்கள் வந்தன என்பது பகடைக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரியும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. கடவுத்தொடரை ஆங்கில எழுத்துகளில் தட்டுவதே பாதுகாப்பு. தமிழ் விசைப்பலகை எல்லாக் கணினியிலும் இருக்காது. ஆனால் வாழையை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். ழ, ள, ண, நெடில் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் வரும். பட்டியல் எழுதும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ்ச் சொல்லுக்குக் கீழே, நீங்கள் தட்டப்போகும் ஆங்கில எழுத்துகளை அச்செழுத்தில் எழுதிவிடுங்கள். எல்லாம் சிறிய எழுத்து, சொற்களுக்கு இடையே இடைவெளி என்று ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒரு முழுத் தொடரை நான் இங்கே எழுதவில்லை; எழுதினால் அதையே வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

தொடரைத் தாளில் எழுதலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் எழுத வேண்டும். தொலைவிலிருந்து வரும் திருடனுக்கு உங்கள் பீரோவில் இருக்கும் தாள் தெரியாது. தாளும் டிஸ்க்கும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதே விதி. கைப்பேசியில் படம் பிடித்து வைக்காதீர்கள். 'நான்கு சொல் பெரியவனிடம், நான்கு சொல் சின்னவளிடம்' என்று பிரித்துக் கொடுப்பதும் வேண்டாம். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் பாதி தெரிந்தவருக்கு மிச்சமிருப்பது சுமார் 218 கோடிச் சேர்க்கைகள் மட்டுமே. பல கணினிகளை ஓடவிட வசதி உள்ளவருக்கு அது எட்டக்கூடிய எண். முழுத் தொடரையும் ஒருவரிடம் நம்பிக் கொடுங்கள், இல்லையேல் உறையில் ஒட்டி வங்கி லாக்கரில் வையுங்கள்.

பிரதிகளும் ஈரமும்

நீண்ட நாள் உறங்கப்போகும் பிரதிக்குப் பழைய வகை, அதாவது தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. பென் டிரைவும் எஸ்எஸ்டியும் தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கின்றன. மின்சாரமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. பென் டிரைவ் எடுத்துச் செல்லத்தான், சேமித்து வைக்க இல்லை. இரண்டு டிஸ்க்குகளை வெவ்வேறு நிறுவனத்துடையதாக வாங்குங்கள். ஒரே தொகுப்பில் வந்தவற்றுக்கு ஒரே குறை இருக்கக்கூடும்.

மடிக்கணினியில் ஒன்று, வீட்டு அலமாரியில் ஒன்று, வெளியூரில் ஒன்று. வெளியூர் என்றால் அடுத்த ஊர் போதாது. திருத்துறைப்பூண்டியில் வீடு, வேதாரண்யத்தில் சம்பந்தி வீடு என்றால் இரண்டும் ஒரே புயலின் வழியில் இருக்கின்றன. திருச்சியில் தங்கை வீடோ, கோயம்புத்தூரில் மகன் வீடோ நல்லது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து புதியதை எடுத்துக்கொண்டு போகட்டும். பூட்டியிருப்பதால் பஸ்ஸில் தொலைந்தாலும் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

பிரதி எடுக்கும்போது பெட்டி மூடியிருக்க வேண்டும். மேசைக் கணினியில் யுபிஎஸ் இல்லாமல் பெரிய கோப்பை நகலெடுக்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். மடிக்கணினிக்கு அந்தப் பயமில்லை. இன்னொரு நுணுக்கம்: வெராகிரிப்ட் இயல்பாகவே பெட்டியின் தேதியை மாற்றாமல் விட்டுவிடும். இன்று உள்ளே புதிய பத்திரம் போட்டாலும் வெளியே பழைய தேதியே தெரியும். தேதியைப் பார்த்து 'ஏற்கெனவே இருக்கிறதே' என்று விட்டுவிடாதீர்கள். தானாகப் பிரதி எடுக்கும் மென்பொருள்களும் இதனால் ஏமாறும். அமைப்புகளில் இதை அணைத்துவிடலாம்.

நகல் சரியாக வந்ததா என்று பார்க்க, கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் மென்பொருளான செவன்-ஜிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். கோப்பின்மேல் வலது சொடுக்கினால் எஸ்எச்ஏ-256 கணக்கிடும் வசதி வரும்; அது கோப்பின் கைரேகை போன்ற ஓர் எழுத்துத் தொடர். மூலத்துக்கும் நகலுக்கும் அந்த 64 எழுத்துகள் அப்படியே ஒத்திருந்தால் ஒரு துளிகூட மாறவில்லை. அதன்பின் நகலையே மவுன்ட் செய்து, ஏதாவது ஒரு பத்திரத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். டிஸ்க்கைப் பிடுங்கும் முன் 'சேஃப்லி ரிமூவ்' சொல்லுங்கள்.

பெட்டியின் தலைப்பகுதியில்தான் சாவி இருக்கிறது. டூல்ஸ் பட்டியலில் 'பேக்கப் வால்யூம் ஹெடர்' என்பதை ஒரு முறை அழுத்தி, அந்தச் சிறிய கோப்பைத் தனியாக வையுங்கள். பின்னாளில் கடவுத்தொடரை மாற்றினால் பழைய ஹெடர் பிரதியைப் பழைய தொடர் இன்னும் திறக்கும். ஆகவே அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்.

நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரம் ஒரு தனிப் பகை. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்து யுஎஸ்பி முனைகளைக் கறுக்க வைக்கும். டிஸ்க்கைக் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. மாவுத்தூசி முனைகளில் ஏறும், வேண்டாம். தரையோடு ஒட்டிய அடித்தட்டும் ஓட்டுக்கூரைக்குக் கீழுள்ள பரணும் இரண்டுமே கூடாது. வெள்ளம் கீழிருந்து வரும். புயலில் ஓடு பறந்தால் மழை மேலிருந்து வரும். கோடையில் பரண் கொதிக்கும். வீட்டின் நடுச்சுவரில், இடுப்புக்கு மேலான தட்டு சரி.

ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து ஓடவிட்டுச் சரிபாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி ஒன்று, மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒன்று என்று நான் சொல்வது வழக்கம். டெல்டாக்காரர்களுக்கு அந்த இரண்டும் மறக்காது.

ஒரு தாளை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தால்

ஆடிட்டருக்கோ வங்கிக்கோ ஒரே ஒரு ஆவணம் அனுப்பப் பெட்டி தேவையில்லை. செவன்-ஜிப்பில் 7இசட் வடிவைத் தேர்ந்து, கடவுச்சொல் கொடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் குறியிட்டு அனுப்புங்கள். ஜிப் வடிவம்தான் வேண்டும் என்று கேட்டால் ஏஇஎஸ்-256 என்று மாற்றுங்கள். இயல்பாக வரும் ஜிப்கிரிப்டோ பழையது, பலவீனமானது. கடவுச்சொல்லைத் தொலைபேசியில் பேசிச் சொல்லுங்கள், அதே வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். நகலெடுக்கும் கடைக்கு வரும்போது, அந்த ஒரு ஆவணம் மட்டும் இருக்கும் பென் டிரைவோடு வாருங்கள். எங்கள் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்க வேண்டியிருக்காது.

உங்களுக்குப் பிறகு திறப்பவருக்கு

டிஸ்க்கில் பெட்டிக்கு வெளியே, வெராகிரிப்டின் நிறுவல் கோப்பையும் 'இதைப் படிக்கவும்' என்று ஒரு தமிழ்க் குறிப்பையும் வையுங்கள். எந்த மென்பொருள், எந்தக் கோப்பு, எங்கே அழுத்த வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதுங்கள். அசல் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் பெட்டிக்குள்ளே இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிரதி அசலுக்கு ஈடாகாது, அசல் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க அதில் இருக்கும் ஆவண எண்ணும் ஆண்டும் உதவும். லாக்கருக்கு நியமனதாரர் பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வீட்டுக்காரர் போனபின் அவருடைய கணினியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் என் கடைக்கு வருகிறார்கள். பூட்டு நன்றாகப் போடப்பட்டிருந்தால் என்னாலும் திறக்க முடியாது, யாராலும் முடியாது. மனைவியையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே ஒரு முறை திறக்கச் சொல்லுங்கள்; நீங்கள் மவுஸைத் தொடாதீர்கள்.

டிஸ்க் பழையதானால் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவது நல்லது. முதல் நாளிலிருந்தே பூட்டிய பெட்டி மட்டும் இருந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்து போட்டுவிடலாம். பூட்டாத கோப்புகள் எப்போதாவது இருந்திருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் டிரில்லால் தட்டைத் துளைக்கும்படி மூன்று நான்கு ஓட்டைகள் போடச் சொல்லுங்கள். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள்.